காற்றாலை கியரின் ஆயுளைக் கணிக்க வழிகாட்டிய ரயில்வே இன்ஜினீயர்: யார் இந்த ஆகஸ்ட் வோலர்?

காற்றாலையின் பெரிய இறக்கைகள் நிமிஷத்துக்கு 15, 20 சுற்றுதான் சுற்றும். ஆனா பல மாடல்களில் ஜெனரேட்டருக்குத் தேவை 1,500 சுற்று. இடையில் உட்கார்ந்து வேகத்தைக் கூட்டித் தருவது கியர்பாக்ஸ். அவ்வளவு உயரத்தில் அது உடைந்தால் பெரிய கிரேனைக் கொண்டுவந்து இறக்கணும், அதுவரை கரன்ட் உற்பத்தியும் கிடையாது. அதனால், 20 வருஷம் தாங்குமா என்று டிசைன் செய்யும்போதே கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கணக்கு பிறந்த இடம் காற்றாலை இல்லை, 19-ம் நூற்றாண்டு ஜெர்மனியின் ரயில் பாதை. அதற்கு வழிகாட்டியவர் ஆகஸ்ட் வோலர். (கெமிஸ்ட்ரி புத்தகத்தில் யூரியாவோடு வருகிற வோலர் வேற ஆள்.)

உடைந்த ஆக்சில்கள்

வோலர் 1819-ல் ஜெர்மனியின் சோல்டாவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். ஹனோவரில் தொழில்நுட்பப் படிப்பு, பிறகு பெர்லினில் போர்சிக் ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் வேலை.

அந்தக் காலத்தில் ரயில்வேக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது ஆக்சில். நல்லா ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென முறியும். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் முன் இன்ஜினில் ஆக்சில் உடைந்தது. ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்ததால் 50-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள்.

ஆக்சிலின் மேல் வந்த பாரம் ஒன்றும் அதை முறிக்கும் அளவுக்கு இல்லை. அப்புறம் ஏன் உடைகிறது? ஓடி ஓடி இரும்பின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது என்று பலரும் நம்பினார்கள். 1847-ல் பெர்லினையும் பிரெஸ்லாவையும் இணைத்த ரயில்வேயில் வண்டிகளுக்கும் பணிமனைக்கும் பொறுப்பேற்ற வோலருக்கு இது அன்றாடத் தலைவலி.

முதலில் அளந்தார்

வோலரின் தனித்தன்மை இங்கேதான். லேபுக்குள் போவதற்கு முன், ஓடும் ரயிலில் ஆக்சில் உண்மையில் எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார். வளைவைப் பதிவு செய்ய அவரே ஒரு கருவி செய்தார். அதை வைத்து சுமார் 22,000 கிலோமீட்டர் ஓட்டத்தை அளந்து, 1858-லும் 1860-லும் முடிவுகளை வெளியிட்டார்.

அதிலிருந்து அவர் போட்ட கணக்கு எளிமையானது. பேரிங் உட்காரும் பகுதி எப்படியும் தேய்ந்துபோகும் என்பதால், ஒரு ஆக்சில் 2 லட்சம் மைல் உழைத்தால் போதும். பெரிய வளைவு மைலுக்கு ஒருமுறை என்று வைத்தால், அது 2 லட்சம் முறை தாங்கணும். உடையவே கூடாது என்று எல்லாவற்றையும் தடிமனாக்காமல், எவ்வளவு காலத்துக்கு உடையக் கூடாது என்று கேட்டதுதான் பெரிய மாற்றம். இன்றைய ஆயுள் கணிப்பின் முதல் வரி என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்து, உலோகத் துண்டுகளைச் சுழற்றிக்கொண்டே வளைக்கும் மெஷின்களை அமைத்தார். 1870 வரை நடந்த சோதனைகளில் தெரிந்தது இதுதான்: ஒரே தடவையில் உடைக்கத் தேவைப்படும் விசையைவிட ரொம்பக் குறைந்த விசையும், திரும்பத் திரும்ப வந்தால் உடைத்துவிடும். இதைத்தான் மெட்டல் ஃபடீக், அதாவது உலோகச் சோர்வு என்கிறோம். விசையின் உச்ச அளவைவிட, அது ஏறி இறங்கும் வித்தியாசமே அதிகம் பாதிக்கிறது. கூர்மையான மூலைகள் விரிசலுக்கு வாசல் திறக்கும். கியர் பல்லின் அடிப்பகுதியை இன்றும் வளைவாக வடிவமைப்பது அதனால்தான்.

முடிவுகளை அவர் அட்டவணையாகத்தான் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் அதை வரைபடமாக்கி, ‘வோலர் வளைவு’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். எவ்வளவு விசைக்கு எத்தனை சுற்று தாங்கும் என்பதை அது காட்டும்.

13 கோடியும் இரண்டு மாதமும்

அவருடைய சோதனைத் துண்டு ஒன்று 13 கோடி முறைக்கு மேல் வளைந்தும் உடையவில்லை. அந்தக் காலத்து மெஷின் வேகத்தில் அதற்கு வருஷக்கணக்கான பொறுமை வேண்டும். காற்றாலையின் அதிவேக கியரோ, நிமிஷத்துக்கு 1,500 சுற்று இடைவிடாமல் ஓடினால், ஒவ்வொரு பல்லும் நாளொன்றுக்கு 21.6 லட்சம் தடவை அழுத்தம் வாங்கும். வோலரின் 13 கோடி அதற்கு இரண்டு மாத வேலை!

இன்னொரு சிக்கலும் உண்டு. சோதனையில் விசை ஒரே அளவில் இருக்கும், காற்று அப்படி அடிக்காது. இதற்கு 1924-ல் ஸ்வீடனின் பால்ம்கிரென் பேரிங்குகளுக்காகவும், 1945-ல் அமெரிக்காவின் மைனர் விமானங்களுக்காகவும் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு அளவு விசையும் ஆயுளில் எத்தனை பங்கைத் தின்கிறது என்று வோலர் வளைவைப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போகணும். கூட்டல் ஒன்றைத் தொட்டால் ஆயுள் முடிந்தது. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதை இந்த முறை கண்டுகொள்ளாது. ஆனாலும் கியர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6336 தரநிலையில் இன்றும் இதுதான்.

வோலர் 1874-ல் அல்சேஸ்-லொரேன் ரயில்வேயின் இயக்குநர்களில் ஒருவராக ஸ்ட்ராஸ்பர்க் போனார். இரும்பு, எஃகு தரத்தைச் சோதிக்க அரசு ஆய்வகங்கள் வேண்டும் என்று வலியுறுத்தினார். 1889-ல் ஓய்வு. 1914-ல் ஹனோவரில் இறந்தபோது வயது 94.

கணக்கு இருந்தும் பல காற்றாலை கியர்பாக்ஸ்கள் 20 வருஷத்துக்கு முன்பே பழுதாயின. காரணம் தேடி 2007-ல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் ஒரு கூட்டு ஆய்வைத் தொடங்கியது. 750 கிலோவாட் கியர்பாக்ஸ்களுக்குள் சென்சார்களைப் பொருத்தி, ஓடும்போதே அளந்தார்கள். சுழற்றும் விசை மட்டுமல்ல, இறக்கைப் பக்கமிருந்து வரும் வளைக்கும் விசையும் உள்ளே போய், பேரிங்குகளுக்கிடையே பாரத்தைச் சமமில்லாமல் பிரிப்பது தெரிந்தது. பெரும்பாலான பழுதுகள் தொடங்கியதும் கியர் பற்களில் இல்லை, பேரிங்குகளில்தான்.