மோர் குடித்தால் ஆயுள் கூடுமா? ‘நல்ல பாக்டீரியா’வைத் தேடிய மெச்னிகோவ் கதை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மத்தியான வெயிலில் நடந்தால், மோரும் கம்மங்கூழும் விற்கும் தள்ளுவண்டியைத் தாண்டிப் போவது கஷ்டம். ஒரு சொம்பு உள்ளே போனால்தான் உயிர் வரும். நாலு கடை தள்ளி மெடிக்கல் ஷாப்பில் ஆன்ட்டிபயாடிக் வாங்கப் போனால், டாக்டர் எழுதிய சீட்டில் சில சமயம் ஒரு புரோபயாடிக் கேப்ஸ்யூலும் இருக்கும். மோரில் இருப்பதும் பாக்டீரியா, கேப்ஸ்யூலில் இருப்பதும் பாக்டீரியா. அப்போ எதுக்குத் தனியாகக் காசு கொடுக்கணும்?

பதில் தெரிய, 100 வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் தினமும் புளித்த பால் குடித்த ஒரு விஞ்ஞானியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த மெச்னிகோவ்?

இலியா மெச்னிகோவ் பிறந்தது 1845-ல், இன்றைய உக்ரைனில் உள்ள கார்கிவ் அருகே ஒரு கிராமத்தில். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தவர். இருபதுகளிலேயே ஒடெசாவில் விலங்கியல் பேராசிரியர் ஆகிவிட்டார்.

படிப்பில் கெட்டிக்காரர், வாழ்க்கையில் அடிமேல் அடி. 1869-ல் திருமணம் நடந்தபோதே முதல் மனைவி லுட்மிலாவுக்குக் காசநோய். நடக்கக்கூட முடியாமல், நாற்காலியில் வைத்துத்தான் அவரை தேவாலயத்துக்குத் தூக்கிப் போனார்கள். நான்கே வருடத்தில் லுட்மிலா இறந்துபோனார். மனமுடைந்த மெச்னிகோவ் உயிரை விடத் துணிந்து, பிழைத்துக்கொண்டார். இரண்டாவது மனைவி ஓல்காவும் 1880-ல் டைபாய்டு வந்து சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். நோய்க்கு எதிராக நம் உடம்பு என்னதான் செய்கிறது என்பது அவருக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை.

ஒரு முள், ஒரு நோபல்

1882-ல் இத்தாலியின் மெசினா நகரம். வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். தனியாக இருந்த மெச்னிகோவ், கண்ணாடி போல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென ஒரு யோசனை. தோட்டத்து ரோஜாச் செடியின் முள்ளை எடுத்துக் குஞ்சின் உடம்பில் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் கூட்டமாகச் சூழ்ந்திருந்தன.

நம் காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து சீழ் வைக்கிறதே, அங்கேயும் இதே வேலைதான் நடக்கிறது என்றார் அவர். வெள்ளை அணுக்களில் சில, உள்ளே வரும் கிருமியை விழுங்கிச் செரிக்கின்றன. அந்தச் செல்களுக்குப் பெயர் ஃபேகோசைட். இன்று பள்ளிப் பாடத்தில் இருக்கும் இந்த விஷயத்தை அன்று பலர் ஏற்கவில்லை. 1908-ல்தான் பால் எர்லிக்குடன் சேர்த்து அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதற்குள் 1888-லேயே அவர் பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். அவரிடம் படித்த வால்டமர் ஹாஃப்கினும் பின்னாலேயே வந்தார். 1893-ல் இந்தியா வந்து காலரா தடுப்பூசி போட்டாரே, அதே ஹாஃப்கின்தான்.

பல்கேரியத் தயிரும் முதுமையும்

வயது கூடக் கூட மெச்னிகோவின் கவனம் முதுமை பக்கம் திரும்பியது. பெருங்குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் உணவை அழுகவைத்து நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சுதான் நம்மைச் சீக்கிரம் கிழவராக்குகிறது என்று நம்பினார். பல்கேரிய விவசாயிகள் நீண்ட நாள் வாழ்வதாகக் கேள்விப்பட்டார். அவர்கள் தினமும் தயிர் சாப்பிடுகிறவர்கள். 1905-ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற இளம் பல்கேரிய மருத்துவர் அந்தத் தயிரில் இருந்த பாக்டீரியாவைக் கண்டறிந்து சொன்னார். கெட்ட பாக்டீரியாவை விரட்ட, பால் புளிக்கவைக்கும் நல்ல பாக்டீரியாவை உள்ளே அனுப்பலாம் என்பது மெச்னிகோவின் கணக்கு.

விஷயம் பேப்பரில் வந்ததும் ஐரோப்பாவே தயிர் பின்னால் ஓடியது. மருந்துக் கடைகளில் புளித்த பால் மாத்திரைகள்கூட விற்பனைக்கு வந்தன. வாட்ஸ்அப் இல்லாத காலத்து வைரல்!

எங்கே சறுக்கினார்?

தயிர்தான் ஆயுளைக் கூட்டுகிறது என்று காட்டும் ஒப்பீட்டு ஆய்வு எதுவும் அவர் கையில் இல்லை. அந்தப் பல்கேரிய பாக்டீரியா மனிதக் குடலில் தங்கிக் குடியேறுவதில்லை என்பதும் 1920-களில் தெரியவந்தது. அவரோ 1916-ல், 71 வயதில், இதய நோயால் காலமாகியிருந்தார். அவர் அஸ்தி இன்றும் பாஸ்டர் ஆய்வக நூலகத்தில் இருக்கிறது.

அவர் 71-ல் இறந்ததால் தயிர் வேஸ்ட் என்று ஆகாது. 100 வரை வாழ்ந்திருந்தாலும் தயிர் ஜெயித்ததாக ஆகாது. ஒரு ஆளை வைத்து மருந்தை எடை போட முடியாது. நிறைய பேருக்குக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கணும்.

அந்த வேலை நம் நாட்டிலேயே நடந்தது. ஒடிசா கிராமங்களில், நிறைமாதத்திலோ அதை ஒட்டியோ பிறந்த 4,556 பச்சிளம் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் 7 நாள் குறிப்பிட்ட ஒரு லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாவை, அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையுடன் கொடுத்தார்கள். கொடுக்காத குழுவில் ரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தது 9% பேருக்கு. கொடுத்த குழுவில் 5.4% பேருக்கு. முடிவு 2017-ல் நேச்சர் இதழில் வெளியானது.

ஆனால் 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வயிற்றுப்போக்கு வந்த சுமார் 970 குழந்தைகளிடம் வேறொரு லாக்டோபேசில்லஸ் வகையைச் சோதித்தார்கள். பலன் எதுவும் தெரியவில்லை.

சரி, நாம் என்ன செய்யணும்?

எல்லா நல்ல பாக்டீரியாவும் எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. எந்த வகை, எவ்வளவு, எந்த நோய்க்கு என்று சோதித்துப் பார்த்தால்தான் அது சிகிச்சை. அதனால் கேப்ஸ்யூல் எழுதினால் எதுக்கு என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கும், நோய் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதல் மருந்து இன்றும் ஓ.ஆர்.எஸ். கரைசல்தான், கூடவே டாக்டர் சொல்லும் ஜிங்க்.

தள்ளுவண்டி மோர்? சுத்தமான தண்ணீரில் கலந்தது என்றால் தாராளமாகக் குடிக்கலாம். தாகம் தீரும், வெயிலுக்கு இதம். ஆயுள் கணக்கை மட்டும் அதன் தலையில் கட்ட வேண்டாம்.