சாயலில் தொடங்கிய சாதனை

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் வள்ளி திருமண நாடகம் நடக்கும். யார் உச்சத்தில் பாடினாலும், மகாலிங்கம் மாதிரி என்று மெச்சுவார் என் பாட்டனார். அந்த டி.ஆர். மகாலிங்கமும் ஒரு காலத்தில் ‘மாதிரி’யாக இருந்தவர்தாம்!

1933-இல் செங்கோட்டை கிட்டப்பா இளமையிலேயே மறைந்தார். நாடக ரசிகர்கள் அக்குரலுக்கு ஏங்கினர். சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்த மகாலிங்கம், அதே உச்சஸ்தாயியில் பாடினார். அந்தச் சாயலே அவருக்குச் சோறும் பேரும் தந்தது. 1938-இல் ‘நந்தகுமார்’, 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’. பின்னர் சொந்தப் படம் எடுத்து நொடித்தார். 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’யில் மீண்டெழுந்தார். 1965-இல் ‘திருவிளையாட’லில் பாணபத்திரராகப் பாடியபோது மகாலிங்கமாகவே நின்றார். 1978-இல் மறைந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல்வன் நான். பிறர் பேச்சையும் நடையையும் பார்த்தே பழகுகிறேன். தொடக்கத்தில் சாயல் இருக்கட்டும். முடிவில் சொந்தக் குரல் வேண்டும். அவர் வாழ்க்கை எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.