பீப்பாய்க்குள் போன கடிதங்கள்

பிறந்து ஆறு நாட்களில் அரசியானவர், வாழ்வின் கடைசிப் பத்தொன்பது ஆண்டுகளை வேற்று நாட்டில் கைதியாகக் கழித்தார். ஸ்கொட்லாந்து அரசி மேரியின் கதையை அரண்மனைக் கதையாக நம்மில் பலர் படித்திருப்போம். அவர் எழுதிய கடிதங்களின் வழியே பார்த்தால், ஊரைவிட்டு வந்த நமக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது.

1542 டிசம்பர் 8 இல் பிறந்த மேரி, ஐந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே வளர்ந்து இளவரசரை மணந்து, 1559 இல் அந்நாட்டு அரசியுமானார். அடுத்த ஆண்டே கணவர் இறந்தார். 1561 இல் தாயகம் திரும்பியபோது நாடு புரட்டஸ்தாந்து மதத்துக்கு மாறியிருந்தது, அவரோ கத்தோலிக்கர். 1567 இல் இரண்டாவது கணவர் டார்ன்லி கொல்லப்பட்டார். கொலையில் சந்தேகிக்கப்பட்ட பொத்வெல் பிரபுவையே மேரி சில மாதங்களில் மணந்தார். பிரபுக்கள் கிளர்ந்தெழுந்து, முடியைப் பறித்து ஒரு வயது மகன் ஜேம்ஸுக்குச் சூட்டினர். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது பார்த்த மகனை மேரி பிறகு பார்க்கவே இல்லை.

1568 மே மாதம் சிறையிலிருந்து தப்பி, போரில் தோற்று, இங்கிலாந்தில் அடைக்கலம் தேடினார். எலிசபெத் அரசியின் அத்தைக்கு அவர் பேர்த்தி. ஆனால் இங்கிலாந்து முடிக்கும் உரிமை கோரக்கூடியவர். ஆகவே அடைக்கலம் காவலாக மாறியது.

வெளியுலகோடு பேச அவருக்கு இருந்தவை கடிதங்கள்தான். இன்று ஒரு சொல்லை மென்பொருளில் இட்டால், அதற்கு ஈடாகக் குறுகிய சங்கேதப் பெயரொன்றைத் தந்துவிடுகிறது. மேரியின் செயலாளர்கள் அதைக் கையால் செய்தனர். 1586 இல் அவர்கள் கையாண்ட அட்டவணையில் 23 எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. அடிக்கடி வரும் சொற்களுக்கு ஒவ்வொரு குறி. படிப்பவரைக் குழப்பப் பொருளற்ற குறிகள் நான்கு.

அப்போது அவர் சார்ட்லி மாளிகையில் இருந்தார். கடிதங்கள் பியர் பீப்பாய்க்குள் மறைத்துக் கொண்டுபோகப்பட்டன. பாதுகாப்பான வழி கிடைத்தது என்று மேரி நம்பினார். உண்மையில் அந்த வழியை ஏற்படுத்தியதே எலிசபெத்தின் அமைச்சர் வோல்சிங்கத்தின் ஆட்கள். தூது சென்ற கிஃபோர்ட் இரட்டை உளவாளி. ஒவ்வொரு கடிதமும் தோமஸ் ஃபெலிப்ஸ் என்பவரின் மேசைக்குப் போய், படியெடுக்கப்பட்டு, மறுபடி முத்திரையிடப்பட்டே உரியவரிடம் சேர்ந்தது. எந்தக் குறி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணியே எழுத்தைக் கண்டுபிடிக்கும் வித்தையில் அவர் தேர்ந்தவர்.

எலிசபெத்தைக் கொன்று மேரியை விடுவிக்கத் திட்டமிட்ட பபிங்டன் என்ற இளைஞர் அவருக்கு எழுதினார். சங்கேதத்தை நம்பிய மேரி, ஜூலை 17 இல் திட்டத்துக்கு இசைவாக விரிவான பதில் அனுப்பினார். ஃபெலிப்ஸ் அதன்மேல் தூக்குமரம் ஒன்றை வரைந்தார். கொலைக்கு அமர்ந்த ஆறு பேரின் பெயர்களைக் கேட்கும் வரிகளையும், அதே குறிகளில், மேரி எழுதியதுபோலச் சேர்த்தார். குறிகளே இல்லாதிருந்தால் மேரி இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்க மாட்டார் என்றே நாம் நினைக்கிறோம். 1587 பெப்ரவரி 8 இல், 44 வயதில், ஃபொதரிங்கே கோட்டையில் அவர் தலை வெட்டப்பட்டது. 1603 இல் எலிசபெத் இறந்ததும், அந்த முடி ஜேம்ஸுக்கே வந்தது.

அவருடைய எல்லாக் கடிதங்களும் வோல்சிங்கத்திடம் சிக்கவில்லை. பாரிஸ் தேசிய நூலகத்தில், இத்தாலிய ஆவணங்கள் எனப் பட்டியலிடப்பட்ட கட்டுகளுக்குள், யாருடையவை என்று தெரியாத சங்கேதக் கடிதங்கள் கிடந்தன. லாஸ்ரி, பியர்மன், தொமோகியோ என்ற மூவர் கணினி கொண்டு அவற்றை அவிழ்த்து, முடிவை 2023 இல் வெளியிட்டனர். மொழி பிரெஞ்சு என்று தெரிந்தது. எழுதியவர் பெண், விடுதலையையும் மகனையும் பற்றிப் பேசுபவர் என்பதும் தெரிந்தது. வோல்சிங்கத்தின் பெயர் வந்ததும் ஆளும் தெரிந்துவிட்டார். 1578 முதல் 1584 வரை மேரி எழுதிய 57 கடிதங்கள் அவை. பெரும்பாலானவை பிரெஞ்சுத் தூதருக்கு எழுதப்பட்டவை.

சதியைத் தேடி அவற்றைப் படிப்பவருக்கு ஏமாற்றமும் உண்டு. உடல்நலக் குறைவு, காவல் வாழ்வின் இடர்கள், விடுதலைப் பேச்சுவார்த்தை என்றே பல பக்கங்கள் போகின்றன. 1582 இல் பதினாறு வயது ஜேம்ஸைப் பிரபுக்கள் பிடித்துவைத்த செய்தி எட்டியபோது அவர் பட்ட தவிப்பும் அங்கே இருக்கிறது. ஒரு தாயின் அந்தத் தவிப்பையும் குறிகளில் மறைத்துத்தான் அனுப்பவேண்டியிருந்தது.