தரிகொண்டை வெங்கமாம்பாள்

திருமலையில் நாள்தோறும் இரவு, திருக்கோயிற் கதவம் அடைபடுமுன் ஏகாந்த சேவை நடைபெறும். வேங்கடவன் பள்ளிகொள்ளும் அவ்வேளையில் அன்னமாசாரியார் வழிவந்த தாலாட்டு ஒலிக்கும்; அதனையடுத்து ஓர் அம்மையாரின் பெயரால் ஆரத்தி எடுக்கப்பெறும். முத்தியால ஆரத்தி என்பது அதன் பெயர். அவ்வம்மையார் தரிகொண்டை வெங்கமாம்பாள். கைம்பெண் எதிர்ப்படுதலே அமங்கலம் எனக் கருதிய காலத்தில் வாழ்ந்த ஒரு கைம்பெண்ணின் பெயர், மங்கல ஆரத்தியோடு இணைந்தது எங்ஙனம்? அவ்வரலாற்றை நம் இல்லத்துப் பெண்மக்கள் அறிதல் நலம்.

மதனப்பள்ளியை அடுத்த குர்ரங்கொண்டைப் பகுதியில் உள்ளது தரிகொண்டை என்னும் சிற்றூர். 2022 வரை அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் 1730 ஆம் ஆண்டளவில், கிருஷ்ணையர், மங்கமாம்பாள் என்னும் அந்தண இணையர்க்கு மகளாக அவர் தோன்றினார். ஊர்க்கோயிலில் எழுந்தருளியுள்ள இலட்சுமி நரசிம்மரிடத்து இளமையிலேயே அவருக்குப் பெரும் பற்று உண்டாயிற்று. விளையாட்டுப் பருவத்தில் பெண் தனித்திருந்து தியானம் செய்தலும் பாடுதலும் சுற்றத்தார்க்குக் கவலை தந்தன. அக்காலத்தில் அக்கவலைக்குக் கண்ட மருந்து ஒன்றே, அதுதான் திருமணம். சித்தூரை அடுத்த ஊரினரான வெங்கடாசலபதி என்பவருக்கு அவரை மணமுடித்தனர். சின்னாளில் கணவர் காலமானார். இல்லறம் இன்னதென்று அறியுமுன்னரே சிறுமி கைம்பெண்ணானாள்.

கூந்தலைக் களைதல், குங்குமம் துறத்தல், மூலையில் ஒடுங்குதல் என்பன அன்றைய விதிகள். அம்மையார் அவற்றிற்கு இசைய மறுத்தார். வேங்கடவனே தம் கணவன் என்றும், அவன் அழிவிலாதவனாதலின் தமக்குக் கைம்மை இல்லை என்றும் கொண்டார். ஊரார் சினந்தனர், மடாதிபதி வரையில் வழக்குச் சென்றது என்பர். அங்கு அற்புதம் ஒன்று நிகழ்ந்ததாகக் கர்ணபரம்பரை கூறும். நம்புவார் நம்புக. ஒரு சிறுமி ஊர் முழுவதையும் எதிர்த்துத் தன் உடல் பற்றிய முடிவைத் தானே எடுத்தாள் என்பதே அற்புதத்தினும் பெரிதாகும்.

மதனப்பள்ளியில் வாழ்ந்த சுப்பிரமணியாசாரியாரை அடைந்து யோகமும் வேதாந்தமும் கேட்டார். பின்னர் நூல்கள் இயற்றலானார். தாம் ஆசிரியரிடத்து அரிச்சுவடி பயின்றதில்லை என்றும், யாப்பிலக்கணம் அறியாதவர் என்றும், இறைவனே தம் நாவில் நின்று பாடுவிக்கின்றான் என்றும் அவர் தம் நூலிலேயே உரைத்துள்ளார். இஃது அடக்கம் மட்டுமன்று. பெண்ணுக்குக் கல்வி மறுக்கப்பட்ட நாளில், நீ எழுதுவதற்கு உனக்கு உரிமை தந்தவர் யார் என்று உலகம் வினவும். அவ்வினாவிற்கு விடையாகச் சொல்லத்தக்க பெயர் இறைவன் பெயர் ஒன்றே. ஆண்மகன் குருவைக் காட்டினால் போதும். பெண்மகளோ கடவுளையே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது.

நரசிம்ம சதகம், இராஜயோகாமிருதசாரம், துவிபத பாகவதம், வேங்கடாசல மாகாத்மியம் முதலிய நூல்களோடு ருக்மிணி நாடகம், செஞ்சு நாடகம் முதலிய யட்சகானங்களும் அவர் இயற்றியவை. ருக்மிணி யார்? தமையன் குறித்த மணத்தை ஏலாது, தான் விரும்பிய கண்ணனுக்குத் தானே தூதனுப்பிய அரசிளங்குமரி. தம் மணத்தில் தமக்கென ஒரு சொல்லும் இல்லாதிருந்த அம்மையார், தன் சொல்லால் தன் வாழ்வை அமைத்துக்கொண்ட கன்னியை அரங்கேற்றியது நினைந்து மகிழத்தக்கது. வாழ்வில் அடைபட்ட கதவம் கதையில் திறக்கின்றது.

தமிழிலும் இதற்கு ஓர் இணை உண்டு. அ. மாதவையா 1903 இல் வெளியிட்ட முத்துமீனாக்ஷி என்னும் நாவலில், குழந்தை மணமும் கைம்மையும் உற்ற பெண்ணொருத்தி தன் கதையைத் தானே எழுதுகின்றாள். எழுத்தறிந்தமையாலன்றோ அவள் கதை நமக்குக் கிட்டியது! ஆயினும் அவளுக்கு எழுதுகோலைத் தந்தவர் ஓர் ஆண் ஆசிரியர். அதற்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே, எவர் தருகைக்கும் காத்திராமல் தாமே எழுதினார் வெங்கமாம்பாள்.

ஊரின் இகழ்ச்சியை விடுத்துத் திருமலை சேர்ந்த அம்மையார், ஆங்கே யோகத்திலும் நூலியற்றுவதிலும் அன்னம் அளிப்பதிலும் வாழ்நாளைக் கழித்து, 1817 இல் இறைவனடி எய்தினார். அவருடைய பிருந்தாவனம் இன்றும் திருமலையில் உள்ளது. 2011 இல் திறக்கப்பெற்ற தேவஸ்தானத்தின் பெரிய அன்னப்பிரசாதக் கூடமும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. மலைக்குச் செல்லும் நம்மவர் பலர் அங்கு உண்டு மீள்கின்றோம். பெயருக்குரியார் யாவர் என வினவுவதில்லை.

அம்மலையின் அடிவாரத்தில், திருப்பதி நகரில், 1983 முதல் பெண்களுக்கென்றே ஸ்ரீ பத்மாவதி பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. அரிச்சுவடி மறுக்கப்பட்ட சிறுமியின் மண்ணில் இன்று பெண்கள் பட்டம் பெறுகின்றனர். ஆயினும், மேலே படிக்கின்றேன் என்று மகள் சொல்லும்போது, முதலில் மணம் முடியட்டும் என்னும் குரல் நம் இல்லங்களினின்று முற்றும் அகன்றதா? நம் பெண்மக்கள் தம் விருப்பத்தைச் சொல்லக் கடவுளைச் சாட்சிக்கு அழைக்கும் நிலை வேண்டா. அவர்தம் சொல்லே போதியது என நாம் ஏற்போமாயின், அதுவே வெங்கமாம்பாளுக்கு நாம் எடுக்கும் ஆரத்தியாகும்.