காந்தி படத்துக்காக லட்சம் மைல் சுற்றிய தமிழர்

தண்டிக் கடற்கரையை நோக்கிக் கைத்தடியுடன் காந்தியடிகள் நடக்கிறார். லண்டன் குளிரில் வெறும் சால்வையைப் போர்த்துக்கொண்டு சிரிக்கிறார். இந்தக் காட்சிகளை இன்று குழந்தைகள்கூடப் பார்த்திருக்கிறார்கள். இவற்றை ஊர் ஊராகத் தேடி எடுத்து, முழுநீளப் படமாக முதலில் தந்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் ஏ. கே. செட்டியார்.

கோட்டையூர் வாலிபர்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி அவர் பிறந்தார். இயற்பெயர் கருப்பன் செட்டியார். செட்டிநாட்டு வாலிபர்கள் அந்நாளில் கொண்டுவிற்கக் கடல் கடந்து போவார்கள். இவரும் கடல் கடந்தார். ஆனால் இவர் மனம் வட்டிக் கணக்கில் நிற்கவில்லை. எழுத்திலும் படத்திலும் சென்றது.

பர்மாவில் ரங்கூன் நகரில் "தனவணிகன்" பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். பிறகு ஜப்பானுக்குப் போய், டோக்கியோவில் போட்டோக் கலை படித்தார். அங்கிருந்து அமெரிக்கா சென்று, நியூயார்க்கிலும் அதே கலையைப் பயின்றார்.

கப்பலில் உதித்த எண்ணம்

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி. அன்று காந்தி ஜயந்தி. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் "சமாரியா" என்ற கப்பலில் செட்டியார் இருந்தார். அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை. காந்தியின் வாழ்க்கையைச் சினிமாப் படமாகத் தர வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உதித்தது.

வேஷம் போட்டு நடிக்க வைக்கும் படம் அல்ல. உண்மையான காந்தியைக் காட்டும் படம்! ஆனால் காமிராவுக்கு முன் நின்று போஸ் கொடுப்பது காந்திக்குப் பிடிக்காது. போன நாட்களைத் திருப்பிக் கொண்டுவந்து படம் பிடிக்கவும் முடியாது. ஒரே வழிதான் இருந்தது. அந்தந்தச் சமயத்தில் அங்கங்கே யாராவது பிடித்திருந்த பிலிமைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

தேடினார், தேடினார்!

அந்த பிலிம்கள் ஒரே இடத்திலா இருந்தன? செய்திப்படக் கம்பெனிகளிடம் கொஞ்சம் இருந்தது. தனி ஆட்களிடம் கொஞ்சம் இருந்தது. ஒன்று பம்பாயில் என்றால் மற்றொன்று லண்டனில். காந்தி வக்கீலாக வாழ்ந்து, முதன்முதலில் சத்தியாக்கிரகம் செய்த தென்னாப்பிரிக்காவுக்கும் செட்டியார் போனார்.

இப்படி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அலைந்தார். நான்கு கண்டங்களில் சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றினார். 30 ஆண்டுக் காலத்தில் சுமார் 100 காமிராக்காரர்கள் பிடித்த படங்களைச் சேர்த்தார். மொத்தம் 50,000 அடி பிலிம் சேர்ந்தது. 1939இல் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. அதற்குப் பிறகு இப்படிக் கடல் கடந்து தேடுவது யாருக்கும் எளிதாக இருந்திராது.

வெட்டி ஒட்டிய வேலை

பேசும் படத்தில் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி பிலிம் ஓடும். 50,000 அடியையும் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் சிறந்ததைப் பொறுக்கி, 12,000 அடியாகச் சுருக்கினார். அது இரண்டேகால் மணி நேரப் படம்.

வேலை சுலபம் அல்ல. பழைய மௌனப் படங்களைக் கையால் சுற்றும் காமிராவில் பிடித்திருப்பார்கள். பேசும் பட மெஷினில் ஓட்டினால், அதில் உள்ள மனிதர்கள் ஓட்டமும் நடையுமாகத் தெரிவார்கள். எந்தத் துண்டு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்றும் பார்த்துப் பார்த்து அடுக்க வேண்டும்.

1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் படம் தமிழ் விளக்கத்துடன் வெளிவந்தது. டி. கே. பட்டம்மாள் அதில் பாடினார். பிறகு தெலுங்கிலும் இந்தியிலும் வந்தது. 1953இல் அமெரிக்காவில் சுருக்கமான ஆங்கிலப் படமாகவும் வந்தது.

சேர்த்தது போயிற்று!

வெள்ளைக்காரர் ஆட்சியில் காந்தி படத்தைக் காட்டுவது ஆபத்தான காரியம். சர்க்கார் பறிமுதல் செய்துவிடுமோ என்ற பயம் இருந்தது. சர்க்காரைவிடப் பெரிய எதிரியும் ஒன்று உண்டு. அது பிலிமுக்குள்ளேயே இருந்தது.

அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. சூடு பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். தண்ணீரை ஊற்றினாலும் எளிதில் அணையாது. குளிர்ந்த இடத்தில் வைக்காவிட்டால், தானாகவே பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். 2003ஆம் ஆண்டு ஜனவரியில் புனே நகரில் பிடித்த தீயில் இத்தகைய பழைய பிலிம் ஆயிரக்கணக்கான சுருள்கள் எரிந்தன.

செட்டியார் தேடிச் சேர்த்த படமும் காலப்போக்கில் கண்ணில் படாமல் போயிற்று. தேடியவர் படத்தையே தேட வேண்டிய நிலை வந்தது!

அவர் சோர்ந்துவிடவில்லை. 1943 முதல் "குமரி மலர்" பத்திரிகையை நடத்தினார். மறந்துபோன பழைய கட்டுரைகளைத் தேடி எடுத்து அதில் வெளியிட்டார். தமிழ்நாட்டைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். தம்மைப் பற்றி மட்டும் அதிகம் எழுதவில்லை. 1983இல் காலமானார்.

அவர் மறைந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அந்தப் படத்தைத் தேடினார். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுருக்கமான ஆங்கிலப் படம் கிடைத்தது. தமிழில் வந்த முழுப் படம் அப்போது கிடைக்கவில்லை.

நம் வீட்டில் உள்ள படம்

செட்டிநாட்டிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் பாதையில் விழுப்புரமும் திண்டிவனமும் இருக்கின்றன. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு, "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டி அருகே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓடியது. ரயில்கள் நின்றன.

அன்று அங்கே சினிமாக் கம்பெனிகள் வரவில்லை. மாடியில் நின்றவர்களும் இடுப்பளவு தண்ணீரில் நடந்தவர்களும் தங்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

அந்தப் படங்கள் வேடிக்கைக்கு மட்டும் அல்ல. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்காவில் டல்லஸ் நகரைச் சுழல்காற்று தாக்கியது. ஊர்க்காரர்கள் பலர் தங்கள் சின்னக் காமிராக்களில் அதைப் பிடித்தார்கள். விஞ்ஞானிகள் அவற்றைச் சேர்த்து ஆராய்ந்து, காற்றின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். அதுபோல, வெள்ளம் எந்தத் தெருவில் எத்தனை அடி ஏறியது என்று நாளை அறிய, இன்றைய செல்போன் படமே சாட்சி.

செல்போன் பிலிமைப் போல் எரியாது. ஆனால் உடையும், தொலையும், இடமில்லை என்று நாமே படத்தை அழித்தும் விடுவோம். ஆகவே படம் பிடித்த தேதி, ஊர், தெரு மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு பிரதியை வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும்.

யாரோ பிடித்து, யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தான், செட்டியார் தேடிப் போனபோது காந்தி கிடைத்தார். நாளை நம் பேரப்பிள்ளைகள் தேடி வரும்போது, நம் ஊர் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.