பத்து கோல் வாங்கிய அணிக்குத் தங்கம் தேடித் தந்த வாத்தியார்

மழை பொய்த்துக் கண்மாய் காய்ந்து கிடந்தால் பெரியவர்களுக்குக் கவலை. பையன்களுக்கோ கொண்டாட்டம். அதுதான் அவர்களுக்கு ஆடுகளம்! அரிமளம் பக்கம் சாயங்கால வேளையில் போனால் இதைப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் விட்டதும் பந்தோடு இறங்கிவிடுவார்கள். பக்கத்துக்கு இரண்டு செங்கல். அதுதான் கோல்.

அங்கே ஒரு நாள் கண்ட காட்சி இது. இரண்டு பையன்கள் பந்தோடு பாய்ந்து வந்தார்கள். எதிரே தடுக்க ஒரே ஒருவன். பந்து வைத்திருப்பவன் நேரே ஓடுவானா? பக்கத்தில் வருகிறவனுக்குத் தட்டி விடுவானா? தடுப்பவன் திகைத்தான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். கடைசியில் பந்து வைத்திருந்தவன் மேலேயே பாய்ந்தான். அவ்வளவுதான்! பந்து அடுத்தவன் காலுக்குப் போய்விட்டது. கோல்!

தோற்ற பையனைத் திட்டிப் பயனில்லை. உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களும் இந்த இடத்தில் திகைத்துத்தான் நின்றிருக்கிறார்கள். வேகமாக வருகிறவனுக்கு இரண்டு வழி இருக்கிறது. கடைசி நொடி வரை அவன் எதையும் முடிவு செய்வதில்லை. தடுப்பவன் முதலில் அசையட்டும் என்று பார்க்கிறான். இவன் அசைந்தால் அவனுக்கு வழி திறந்தது.

அமெரிக்கக் கல்லூரிகளில் புட்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. பெயர்தான் புட்பால். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக் கொண்டு ஓடுவார்கள். அங்கேயும் இதே தந்திரம்தான். பந்தைப் பக்கத்து ஆளிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா, வெளியே ஓடி வருகிறவனுக்கு வீசுவதா என்பதை ஓட்டத்தின் நடுவில்தான் முடிவு செய்வார்கள். தடுக்கும் அணிக்கு அங்கே சொல்லித் தரும் முதல் பாடம் பந்தைத் துரத்தாதே என்பதுதான். உனக்கென்று ஒரு ஆள். அவனை விடாதே. மற்றவனை உன் தோழன் பார்த்துக் கொள்வான்.

இந்தப் பாடத்தை நமது நாட்டுக் கால்பந்துக்கு ஊட்டியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஐதராபாத்துக்காரர். பெயர் சையது அப்துல் ரகீம்.

வாத்தியார் வேலை

1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ரகீம் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றார். படிக்கும்போதே பல்கலைக்கழக அணியில் பந்தாடினார். பிறகு பள்ளி ஆசிரியர் ஆனார். காச்சிகுடா, சாதர்காட் என்று ஐதராபாத்தின் பல பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தார். உடற்பயிற்சிக் கல்வியிலும் டிப்ளமா வாங்கினார்.

1943-ல் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. சாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

வாத்தியார் புத்தி விளையாட்டிலும் விடவில்லை. சிறுவர்களுக்கு அவர் நடத்திய பந்தயங்கள் விசித்திரமானவை. ஒரு பந்தயத்தில் பந்தை உருட்டிக் கொண்டே ஓடக் கூடாது. வந்த பந்தை உடனே தோழனுக்குத் தட்டிவிட வேண்டும். இன்னொரு பந்தயத்தில் பழகிய காலால் உதைக்கக் கூடாது. வலது கால்காரன் இடது காலால் ஆட வேண்டும்! பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் அந்தப் பையன்கள் வளர்ந்தபோது இரண்டு காலும் பேசின.

ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தட்டிக் கொண்டு போனது. கால்பந்து என்றால் கல்கத்தா என்றிருந்த காலம் அது.

இந்திய அணியையும் ரகீமிடம் ஒப்படைத்தார்கள். 1951-ல் டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1–0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. கோல் போட்டவர் மேவாலால்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு விழுந்தது அடி!

பத்து கோல்!

1952 ஜூலை. பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகரில் ஒலிம்பிக். இந்தியாவுக்கு எதிரி யூகோஸ்லாவியா. குளிர் வேறு. நம் வீரர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு இறங்கினார்கள். அப்படி ஆடித்தான் அவர்களுக்குப் பழக்கம்.

எதிரி அணி புயல் போல வந்தது. ஒருவன் பந்தைத் தொட்டான், அடுத்தவனுக்குத் தட்டினான், அவன் மூன்றாமவனுக்குத் தள்ளினான். நமது காவலர்கள் பந்தின் பின்னாலேயே ஓடினார்கள். முடிவு 10–1. நமக்குக் கிடைத்த அந்த ஒரு கோலை அகமது கான் போட்டார்.

பத்து கோல் வாங்கிய பயிற்சியாளர் ஊர் திரும்புவது எப்படி இருந்திருக்கும்? நமக்குத் தெரிந்த எத்தனையோ பேர் இந்த இடத்தில் குளிரைக் குறை சொல்வார்கள், வெறுங்காலைக் குறை சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். பூட்ஸ் அணிய வேண்டும் என்ற கட்டாயம் இந்தத் தோல்விக்குப் பிறகுதான் வந்தது. ஆனால் பூட்ஸ் மாட்டினால் மட்டும் பத்து கோல் நின்றுவிடாது. பின்வரிசையைக் கட்டும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது.

மூன்றாவது ஆள்

அந்த நாளில் நம் நாட்டில் பழைய முறை. கோலுக்கு முன்னால் இரண்டு பேர் காவல். அவர்களுக்கு முன்னால் மூன்று பேர். ஐந்து பேர் தாக்குவதற்கு. மூவரில் நடுவில் நிற்பவர் தாக்கவும் ஓடுவார், தடுக்கவும் ஓடுவார். அவர் முன்னே போன சமயத்தில் எதிரி பாய்ந்தால் என்ன ஆகும்? நடுவாசல் திறந்து கிடக்கும். இரண்டு காவலர்கள் நடுவையும் பார்க்க வேண்டும், இரண்டு ஓரத்தையும் பார்க்க வேண்டும். கண்மாயில் நின்ற பையன் கதைதான்!

இங்கிலாந்தில் 1925-ல் ஆட்டவிதி ஒன்று மாறியது. தாக்குகிறவர்களுக்கு அது சாதகமாக இருந்தது. கோல்கள் குவிந்தன. அதற்கு மாற்றாக அங்கே நடு ஆளைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது காவலர் ஆக்கினார்கள். ரகீம் அந்த முறையை நமது அணிக்குக் கொண்டு வந்தார்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், மூன்றாவது ஆள் வந்ததும் வேலை பங்கிடப்பட்டு விடுகிறது. ஓரத்தில் வருகிறவனுக்கு ஓரத்துக் காவலர். நடுவில் வருகிறவனுக்கு நடுக் காவலர். எதிரி பந்தைத் தட்டிவிட நினைத்தால், வாங்க வேண்டியவன் பக்கத்தில் ஏற்கெனவே ஓர் ஆள் நிற்கிறான். பாய வேண்டிய அவசியமே இல்லை. எதிரே நின்று வழியைக் குறுக்கினால் போதும். வேகமாக வந்தவன் தயங்குவான். அவன் தயங்கும் நேரத்துக்குள் மற்றவர்கள் பின்னால் வந்து சேர்ந்து விடுவார்கள்.

வீட்டில் திருடன் புகுந்தால் எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடக்கூடாது என்று பாட்டிமார்கள் சொல்வதில்லையா? அது போலத்தான்.

பின்னர் நாலு பேர் கொண்ட பின்வரிசையையும் ரகீம் பழக்கினார். நடுவில் இரண்டு பேர். ஒருவர் முன்னேறித் தடுத்தால் இன்னொருவர் பின்னால் நிற்பார். 1958 உலகக் கோப்பையைப் பிரேசில் இந்த முறையில் வென்றபோதுதான் உலகம் முழுவதும் இதைப் பேசியது. ரகீம் அதற்கு முன்பே இந்த வழியில் யோசித்தவர் என்பார்கள்.

அதே எதிரி

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் இந்தியா 4–2 என்று தோற்கடித்தது. நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவர்தான்.

அரை இறுதியில் வந்து நின்றது யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா!

டிசம்பர் 4-ந் தேதி ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்தது. கோல் இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் பத்து கோல் போட்டவர்களால் ஒரு கோல் கூடப் போட முடியவில்லை. இடைவேளைக்குப் பின் 52-வது நிமிடம் டிசோசா கோல் போட்டார். இந்தியா முன்னிலை!

ஆனால் எதிரி சீறி எழுந்தான். அடுத்தடுத்து கோல்கள் விழுந்தன. 4–1 என்று இந்தியா தோற்றது. அடுத்த ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காவது இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதைவிட மேலே ஏறியதில்லை.

ரகீம் கண்டெடுத்த வீரர்களில் துளசிதாஸ் பலராம் ஒருவர். செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் வாழ்ந்த ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வந்து போக அவரிடம் பணம் இல்லை. வாடகை சைக்கிளுக்கு ரகீம் தன் கைக்காசைக் கொடுத்தாராம். அந்தப் பையன்தான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டார்.

ஜகார்த்தாவில் கடைசி ஆட்டம்

1962. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ரகீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக் கொண்டிருந்தது. சிகரெட் பழக்கம் உடையவர் அவர்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2–0 என்று இந்தியா தோற்றது. அடுத்து தாய்லாந்தை வென்றது. ஆனால் அந்த ஆட்டத்தில் பின்வரிசைத் தூண் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட்டார்கள்.

காவலுக்கு நிற்பவன் தலையால் பந்தை முட்டியாக வேண்டும். தையல் போட்ட தலையோடு எப்படி முட்டுவது? ரகீம் யோசித்தார். ஜர்னெயிலை உட்கார வைக்கவில்லை. முன்வரிசைக்கு அனுப்பினார்! பின்வரிசையின் நடுவில் அருண் கோஷ் நின்றார். காவலர் தாக்குவார் என்று எதிரிகள் எதிர்பார்க்கவில்லை. அரை இறுதியில் தென் வியட்நாமை இந்தியா 3–2 என்று வென்றது. அதில் ஒரு கோல் ஜர்னெயில் போட்டது.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4-ந் தேதி. எதிரி மறுபடியும் தென் கொரியா.

இதற்கிடையில் ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா விளையாட்டுக்கு அனுமதிக்கவில்லை. அது தவறு என்று இந்திய விளையாட்டு அதிகாரி சோந்தி கண்டித்தார். ஜகார்த்தா மக்கள் கொதித்தார்கள். ஒரு கும்பல் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது.

ஆட்டத்துக்கு முன் ரகீம் வீரர்களைக் கூட்டினார். தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டாராம். அந்தப் பரிசு தங்கப் பதக்கம். நோயின் கதை பிறகு தெரிந்தபோதுதான் அந்த வார்த்தையின் கனம் வீரர்களுக்குப் புரிந்தது.

மைதானம் நிறையக் கூட்டம். இந்தியாவைப் பார்த்து ஊளையிட்டது. கோல் காவலுக்கு நெட்டையான பீட்டர் தங்கராஜ். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர்.

17-வது நிமிடம் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். மூன்றே நிமிடம். ஜர்னெயில் சிங் இரண்டாவது கோலைப் போட்டார்!

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தடுப்பு ஆட்டம். முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்ட கொரியர்களுக்கு இந்த முறை வழி கிடைக்கவில்லை. 85-வது நிமிடத்தில்தான் ஒரு கோல் போட்டார்கள். மிச்சம் இருந்தது ஐந்து நிமிடம். வேறு எந்த ஐந்து நிமிடமும் அவ்வளவு நீளமாக இருந்திருக்காது. பின்வரிசை அசையவில்லை. ஊதல் ஒலித்தது. 2–1. தங்கம்!

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூனில் ரகீம் இறந்தார். வயது 53. அவருடைய மகன் ஷாகித் ஹக்கீம் 1960 ஒலிம்பிக் அணியில் இடம் பெற்றவர். 2021-ல் காலமானார். ரகீமின் வாழ்க்கை 2024-ல் இந்திப் படமாக வந்தது. ஜகார்த்தாவுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கவில்லை.