சதாசிவ பிரம்மேந்திரர்

சதாசிவ பிரம்மேந்திரர் 18ஆம் நூற்றாண்டில் காவிரிக் கரைப் பகுதிகளில் வாழ்ந்த அத்வைதத் துறவியும் கருநாடக இசைப் பாடலாசிரியரும் ஆவார். மானஸ ஸஞ்சரரே, பிபரே ராமரஸம் முதலிய வடமொழிக் கீர்த்தனைகளை இயற்றியவர். பரமத்தி வேலூருக்கு மேற்கே ஆற்றின் மேல்பகுதியில் அமைந்த கொடுமுடியும், கிழக்கே கரூரை அடுத்த நெரூரும் இவருடைய வரலாற்றில் முக்கிய இடங்களாகும்.

வாழ்க்கை

இவருடைய இயற்பெயர் சிவராமகிருஷ்ணன். திருவிசநல்லூரில் கல்வி பயின்றார். இளம் வயதிலேயே மணம் நிகழ்ந்தது. மனைவி பூப்பெய்திய விழா நாளில் உணவு தாமதமாக, இல்லறம் தொடங்கும் முன்பே இத்துன்பமா என எண்ணி வீட்டை விட்டு வெளியேறினார் என்பர். பரமசிவேந்திரரிடம் துறவு பெற்றார். வாதத்தில் வல்லவரான இவரை, வாயை அடக்க எப்போது கற்பாய் எனக் குரு கேட்டதாகவும், அன்று முதல் வாழ்நாள் முழுதும் மௌனம் காத்ததாகவும் கூறப்படுகிறது. பிரம்ம தத்துவ பிரகாசிகை, ஆத்ம வித்யா விலாசம் ஆகியவை இவருடைய நூல்களுட் சில. புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாத ராய தொண்டைமான் (ஆட்சி 1730–1769) இவரைத் திருவரங்குளத்தில் சந்தித்தார். அப்போது இவர் மந்திரம் எழுதிக் காட்டிய மணல் அரண்மனையில் வைத்துப் போற்றப்பட்டது.

மணலில் புதைந்த நிகழ்ச்சி

கொடுமுடி அருகே ஆற்றங்கரையில் யோகத்தில் அமர்ந்திருந்தபோது வெள்ளம் இவரை அடித்துச் சென்றது. இறந்துவிட்டார் என்றே அனைவரும் கருதினர். பல வாரங்களுக்குப் பின் மணல் தோண்டியவர்களின் மண்வெட்டி இவர்மீது பட்டதாகவும், இவர் எழுந்து பேசாமல் நடந்து சென்றதாகவும் வழிவழியாகக் கூறுவர். இதை உறுதிப்படுத்தும் சமகாலப் பதிவு எதுவும் கிடைக்காததால், மரபுச் செய்தியாகவே கொள்ளத்தக்கது.

ஆயினும் இக்கதையில் உள்ள ஐயம் கற்பனையன்று. நாடியையும் மூச்சையும் மட்டுமே பார்த்து மரணத்தை முடிவு செய்த காலம் அது. 1740இல் பாரிசில் ஜாக் வின்ஸ்லோ என்ற உடற்கூற்று அறிஞர், மரணக் குறிகளை முழுதும் நம்ப இயலாது என எழுதினார். உடல் அழுகத் தொடங்குவதே ஐயமற்ற அடையாளம் என்பது அவர் கருத்து. உயிருடன் புதைக்கப்படும் அச்சம் ஐரோப்பாவில் இதனால் மேலும் பரவிற்று. இதயத் துடிப்பைத் தெளிவாகக் கேட்க உதவும் ஸ்டெதஸ்கோப்பை லென்னெக் உருவாக்கியது 1816இல்தான்.

யோகிகள் இதயத்தை நிறுத்துவதாகக் கூறுவதைப் பற்றி வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகியோர் இந்தியாவில் ஆராய்ந்து 1961இல் முடிவுகளை வெளியிட்டனர். மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கியபோது நாடி கைக்குத் தட்டுப்படவில்லை; இதய மின்வரைவியோ துடிப்பு தொடர்வதைக் காட்டியது. ஆகவே அக்காலத்தில் கைபிடித்து நாடி பார்த்தவர் ஏமாந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் வாரக்கணக்கில் மணலுக்குள் காற்றின்றி உயிர் வாழ்வதை இவ்வாய்வு விளக்கவில்லை.

சமாதி

துறவிகளை எரியூட்டாமல் புதைப்பதே வழக்கம். பிரம்மேந்திரரோ நெரூரில் தாமே குழிக்குள் அமர்ந்து, அதை மூடச் செய்து சீவசமாதி அடைந்தார் என்பது நம்பிக்கை. அவ்விடத்தில் வில்வம் முளைக்கும், காசியிலிருந்து ஒருவர் சிவலிங்கம் கொண்டு வருவார் என இவர் முன்பே அறிவித்ததாகவும், அவ்வாறே நடந்ததாகவும் கூறுவர். மானாமதுரை, கராச்சி முதலிய இடங்களிலும் இவருடைய சமாதி இருப்பதாகக் கூறப்படுகிறது. சிருங்கேரி மடாதிபதி சச்சிதானந்த சிவாபிநவ நரசிம்ம பாரதி நெரூருக்கு வந்து இவர்மீது துதி பாடினார். வைகாசி மாத வளர்பிறைத் தசமியை ஒட்டி இங்கு ஆராதனை நடைபெறுகிறது.